மிச்சமிருக்கும் குடலுக்கு அவகாசம் கொடுங்கள்

பதினோரு மாத ஆண் குழந்தையின் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை 31 வாரத்தில் பிறந்தவன். பன்னிரண்டாம் நாள் வயிறு வீங்கி, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்திருக்கிறான். குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் குடல் அழுகல் நோய் அது. மருத்துவமனைகளில் சுருக்கமாக ‘நெக்’ என்பார்கள். அன்றிரவே அறுவை சிகிச்சை செய்து, உயிரிழந்த குடலை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது 40 சென்டிமீட்டர் சிறுகுடல். சிறுகுடலின் கடைசிப் பகுதியும், அது பெருங்குடலோடு சேரும் இடத்தில் இருக்கும் வால்வும் போய்விட்டன. பெருங்குடல் பெரும்பாலும் தப்பியது. இப்படிச் சிறுகுடல் பெரிதும் குறைந்துபோன நிலையைக் குறுங்குடல் நோய் என்பார்கள். மலம் வெளியேற வயிற்றில் வைத்திருந்த ஸ்டோமா என்ற துளையை நான்காம் மாதம் மூடி, இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். ஆறு வாரங்களுக்கு முன்பு குழந்தை வீட்டுக்கு வந்திருக்கிறான். இரவில் 12 மணி நேரம் நெஞ்சில் உள்ள சென்ட்ரல் லைன், அதாவது பெரிய சிரைக்குள் போகும் குழாய் வழியாக டி.பி.என். எனப்படும் சிரைவழி ஊட்டம் ஏறுகிறது. பகலில் மூக்குக் குழாய் வழியாகத் தாய்ப்பால் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் நடந்தவைதான் கடிதத்தின் பாரம். இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்து, விடியும்வரை காத்திருந்து அழைத்துப் போயிருக்கிறார்கள். ரத்தத்தில் கிருமித்தொற்று. அதன்பின் எடுத்த சோதனையில், கல்லீரலில் பித்தம் தேங்குவதைக் காட்டும் நேரடி பிலிருபின் 3.1 ஆக ஏறியிருக்கிறது. டி.பி.என். கல்லீரலைக் கெடுக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதால், மூன்று வாரமாக 12 மணி நேரத்தை 8 மணி நேரமாக வீட்டிலேயே குறைத்திருக்கிறார்கள். நாளுக்கு எட்டு, பத்து முறை மலம் போகிறது என்பதால், குடலுக்கு ஓய்வு வேண்டும் என்று மாமியார் சொல்ல, பத்து நாளாகப் பாலையும் நிறுத்திவிட்டார்கள். தாகத்துக்குத் தண்ணீரும் பழச்சாறும். எடை 6.3 கிலோவிலேயே நிற்கிறது. குழந்தையின் தந்தை தன் குடலில் ஒரு பகுதியைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். தாய்மாமன், குடலை நீளமாக்கும் அறுவை சிகிச்சையை உடனே செய்யச் சொல்கிறார். புதிதாக ஓர் ஊசி வந்திருப்பதாகவும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தாய் கேட்கிறார்: “முதல் வாரத்தில் எனக்குப் பால் சுரக்கவில்லை, பவுடர் பால் கொடுத்தார்கள். அதனால்தான் இது வந்ததா? என் மகன் என்றாவது வாயால் சாப்பிடுவானா?”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் எல்லாக் கேள்விகளிலும் ஒரே தவிப்பு ஓடுகிறது: எப்படியாவது சீக்கிரம் அந்தக் குழாயைக் கழற்றிவிட வேண்டும். ஒரு தாய்க்கு வேறு எந்த எண்ணம் வரும்? ஆனால் உங்கள் மகனின் குடல் இப்போது கேட்பது காலத்தைத்தான். மாதங்கள் அல்லது வருடங்கள். அந்தக் காலத்தை அவனுக்கு வாங்கிக் கொடுப்பதே டி.பி.என். அதை எதிரியாகப் பார்க்கத் தொடங்கியதிலிருந்துதான் கடந்த மூன்று வாரச் சிக்கல்கள் வந்திருக்கின்றன. அதனால் உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொண்டு, அவசரமானதை முதலில் சொல்கிறேன்.

இன்றே செய்ய வேண்டியவை

உங்கள் மருத்துவக் குழுவை இன்றே தொலைபேசியில் அழையுங்கள். டி.பி.என். நேரத்தைக் குறைத்ததையும் பாலை நிறுத்தியதையும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயப்படாதீர்கள். எந்த இரவில் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல், ரத்தப் பரிசோதனையில் வரும் எண்களைப் படித்தால் அவர்கள் தவறான முடிவுக்குத்தான் வருவார்கள். எடை ஏறவில்லையே என்று கலோரியைக் கூட்டுவார்கள். உண்மையில் அந்த ஊட்டம் பையிலேயே மிஞ்சிக் குப்பைக்குப் போயிருக்கும். பம்பை நடுவில் சட்டென்று நிறுத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தத் திரவத்தில் சர்க்கரை செறிவாக இருக்கிறது. உடல் அதற்கேற்ப இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. திடீரென்று நின்றால் ரத்தச் சர்க்கரை விழும். கடைசி ஒரு மணி நேரம் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும்படி பம்பை அமைத்துத் தருவது அதற்காகத்தான்.

இரண்டாவது, காய்ச்சல். சென்ட்ரல் லைன் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அது லைன் வழியாக ரத்தத்தில் பரவிய தொற்று என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவாக இருந்தாலும் உடனே கிளம்புங்கள். லைனிலிருந்து ரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் முதல் ஆன்டிபயாடிக்கை ஏற்றிவிட வேண்டும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கும், கிருமியைத் தொடாது. அது தருவது பொய்யான நிம்மதி. காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரலாம். பம்ப் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் உடல் நடுங்குவது, குழந்தை துவண்டு கிடப்பது, வழக்கத்தைவிட வயிறு வீங்குவது, தோல் சாம்பல் நிறமாவது, இவற்றில் எது தெரிந்தாலும் அதே அவசரம்தான்.

அன்றிரவு காத்திருந்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது இதை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. இப்போதாவது கேட்டு வாங்குங்கள்: ‘இந்தக் குழந்தைக்கு சென்ட்ரல் லைன் இருக்கிறது, குறுங்குடல் நோய் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் இன்ன சோதனை, இன்ன மருந்து’ என்று மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். அவசரப் பிரிவில் உங்களை முன்பின் அறியாத இளம் மருத்துவர் பணியில் இருக்கலாம். அந்தக் காகிதம் அங்கே உங்களுக்காகப் பேசும்.

நீங்கள் காரணமா?

இந்தக் கேள்வியைக் கடிதத்தின் கடைசியில் வைத்திருந்தீர்கள். ஆனால் இதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தாய்ப்பால் இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது, பவுடர் பாலில் வாய்ப்பு கூடுதல். இதை மறைத்துச் சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் நோயின் வேர் குறைமாதப் பிறப்பு. முதிராத குடல் சுவர், முதிராத எதிர்ப்பு சக்தி, குடலில் நிலைகுலைந்த நுண்ணுயிர்கள் என்று பல கைகள் சேர்ந்து செய்யும் வேலை இது. சொட்டுப் பவுடர் பாலும் தொடாமல், தாய்ப்பால் மட்டுமே பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கும் நெக் வந்து நான் பார்த்திருக்கிறேன். 31 வாரத்தில் பிரசவித்த பெண்ணுக்கு முதல் நாட்களில் பால் சுரக்கத் தாமதமாவது உடலின் இயல்பு. நீங்கள் செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை. பதினோரு மாதமாகப் பாலைக் கறந்து எடுத்து வைத்திருக்கிறீர்களே, அவன் குடலுக்கு அதைவிடச் சிறந்த உணவு இல்லை.

குடல் எப்படித் தேறுகிறது

40 சென்டிமீட்டர் என்ற எண்ணைக் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு, அளக்கும் விதத்தைப் பொறுத்து, ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் சிறுகுடல் இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குடல் ஏறத்தாழ இரண்டு மடங்காக நீள்கிறது. உங்கள் மகன் அந்த வளர்ச்சிக்கு நடுவிலேயே வெளியே வந்துவிட்டவன். ஆகவே நிறைமாதக் குழந்தைக்கு மிஞ்சிய 40 சென்டிமீட்டரும் இவனுக்கு மிஞ்சிய 40 சென்டிமீட்டரும் ஒன்றல்ல. இவனுடைய குடலுக்கு இன்னும் வளர வேண்டிய பாக்கி இருக்கிறது. அவன் வளர வளர அதுவும் நீளும்.

நீளம் மட்டும் அல்ல. வெட்டுக்குப் பிறகு மிஞ்சிய குடல் சற்று விரிகிறது, சுவர் தடிக்கிறது, உள்பரப்பில் உள்ள குடலுறிஞ்சிகள் உயர்ந்து வளர்கின்றன. முன்பு இருந்ததைவிட ஒவ்வொரு சென்டிமீட்டரும் அதிகமாக உறிஞ்சக் கற்றுக்கொள்கிறது. இந்த மாற்றத்தைக் குடல் தகவமைப்பு என்கிறோம். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் இது வேகமாக நடக்கும். அதன் பின்னும் மெதுவாகத் தொடரும்.

பெருங்குடல் தப்பியது உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. தண்ணீரையும் உப்பையும் அது மீட்டுக் கொடுக்கிறது. செரிக்காமல் வந்துசேரும் மாவுச்சத்தைக் கிருமிகள் நொதிக்க வைத்துத் தரும் சிறு கொழுப்பு அமிலங்களை உறிஞ்சி, கலோரியாகவும் மாற்றுகிறது. கடைசிப் பகுதியும் வால்வும் போனது இழப்புதான். வைட்டமின் பி12-உம் பித்த அமிலங்களும் உறிஞ்சப்படும் இடம் அந்தக் கடைசிப் பகுதி. எனவே பி12 அளவை ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டியிருக்கும்; தேவைப்பட்டால் ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். வால்வு இல்லாததால் பெருங்குடல் கிருமிகள் மேலே ஏறிச் சிறுகுடலில் பெருகலாம். திடீரென வயிறு உப்பி, மலம் நாற்றமெடுத்து, பால் ஏறாமல் போனால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆன்டிபயாடிக்கை விட்டு விட்டுக் கொடுத்து அடக்குவார்கள்.

பாலை ஏன் நிறுத்தக் கூடாது

உங்கள் மாமியார் சொன்ன ‘குடலுக்கு ஓய்வு’ அன்பிலிருந்து வந்த ஆலோசனை. வயிற்றுப்போக்கு என்றால் பட்டினி போடுவது தலைமுறைகளாகப் பழகிய வழி. குறுங்குடல் நோயில் அது நேர் எதிராக வேலை செய்கிறது. குடலுறிஞ்சிகள் வளரக் கட்டளை கொடுப்பதே குடலுக்குள் வரும் உணவு. உணவு வராத குடல், உடம்பு டி.பி.என்.னால் கொழுகொழுவென்று இருந்தாலும், மெலிந்து சுருங்கும். மணிக்கு இரண்டே மில்லி பால் இறங்கினாலும் அதற்கு மதிப்பு உண்டு.

எத்தனை முறை போகிறான் என்று எண்ணுவதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பெருங்குடல் இணைக்கப்பட்ட குறுங்குடல் குழந்தை நாளுக்கு எட்டு, பத்து முறை போவது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, பாலைக் குறைக்கக் காரணமே ஆகாது. மொத்த அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. டயப்பரைப் போடும் முன்பும் கழற்றிய பின்பும் எடை பாருங்கள், குறித்து வையுங்கள். எந்த அளவைத் தாண்டினால் கூட்டாமல் நிறுத்தி வைப்பது, எதைத் தாண்டினால் குறைப்பது என்று அவன் எடைக்கேற்ற எல்லையை உங்கள் குழு கிராமில் எழுதித் தர வேண்டும். எல்லைக்குள் இருந்தால், சில நாட்களுக்கு ஒரு முறை மணிக்கு ஒரு மில்லி கூட்டுவது போன்ற மெதுவான ஏற்றம். நின்றுபோன பாலை மீண்டும் தொடங்குவதும் குழுவின் கணக்குப்படியே. பத்து நாள் விட்ட இடத்திலிருந்து ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம்.

இப்போது பழச்சாறும் தண்ணீரும். பழச்சாற்றின் சர்க்கரை, உறிஞ்சப்படாமல் குடலில் தங்கி, உடம்பிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். வெறும் தண்ணீரோ, குடல் வழியாக உப்பை வெளியே இழுத்துக்கொண்டு போகும். இரண்டுமே மலத்தைக் கூட்டும். இனி இரண்டையும் கொடுக்காதீர்கள். தாகத்துக்கு ஓ.ஆர்.எஸ். போன்ற உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்த கரைசல்தான் பொருந்தும். எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

எடை நின்றதற்கு இன்னொரு காரணத்தையும் நான் சந்தேகிக்கிறேன். அது சோடியம். நிறையக் குடல் இழந்த குழந்தை மலத்தோடு உப்பை இழந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் மிச்சமுள்ள உப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் ரத்தத்தில் சோடியம் சரியாகவே தெரியும். ஆனால் உடம்பில் உப்பு குறைந்த குழந்தை, போதுமான கலோரி கொடுத்தாலும் எடை ஏறாது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளிது: சிறுநீர் சோடியம். லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உப்பு போதவில்லை என்று கொள்ளலாம்; 30-க்கு மேல் வைத்திருக்கவே பெரும்பாலான குழுக்கள் முயல்கின்றன. உங்கள் கடிதத்தோடு வந்த சோதனை முடிவுகளில் இது இல்லை. கேட்டு எடுங்கள். உப்பை நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள், கூடினாலும் ஆபத்துதான்.

கல்லீரலைப் பற்றி

டி.பி.என். கல்லீரலைப் பாதிக்கும் என்று உங்கள் உறவினர் சொன்னது முழுப் பொய்யல்ல. ஆனால் எதனால் பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். குறைமாதப் பிறப்பு ஒன்று. மீண்டும் மீண்டும் வரும் ரத்தத் தொற்று ஒன்று. உங்கள் மகனின் பிலிருபின் தொற்றுக்குப் பிறகு ஏறியது தற்செயல் அல்ல. குடலுக்குள் உணவு போகாமல் பித்தம் தேங்குவது இன்னொன்று. டி.பி.என்.னோடு ஏற்றப்படும், சோயா எண்ணெயால் ஆன கொழுப்புக் கரைசலில் உள்ள தாவர ஸ்டெரால்களும் காரணம். இந்தப் பட்டியலை வைத்து யோசித்துப் பாருங்கள். கல்லீரலைக் காப்பாற்ற நீங்கள் குறைத்த நான்கு மணி நேரம் அவனுக்குப் பட்டினியைத்தான் தந்தது. நீங்கள் நிறுத்திய பாலோ, கல்லீரலுக்கு வேண்டிய மருந்து.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எந்தக் கொழுப்புக் கரைசல், ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். சோயா மட்டுமே என்றால் அளவைக் குறைக்கவோ, மீன் எண்ணெய் கலந்த கரைசலுக்கு மாறவோ முடியுமா என்று கேளுங்கள். மீன் எண்ணெயால் மட்டுமே ஆன கரைசலுக்கு, டி.பி.என். காரணமாகப் பித்தம் தேங்கிய குழந்தைகளுக்காகவே அமெரிக்காவில் 2018-இல் ஒப்புதல் கிடைத்தது. அதன் பிறகு எத்தனையோ குழந்தைகளின் மஞ்சள் காமாலை, குடல் இன்னும் தேறாத நிலையிலேயே, வடிந்திருக்கிறது. ஆனால் கொழுப்பைக் குறைப்பது மருத்துவர் கணக்கிட்டுச் செய்ய வேண்டியது. மிகவும் குறைந்தால் வளரும் மூளைக்குத் தேவையான கொழுப்பு அமிலங்கள் கிடைக்காமல் போகும்.

இணையத்தில் ‘நால்வரில் ஒரு குழந்தை இறந்துவிடும்’ என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வட அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து 272 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள், 26 சதவீதம் பேருக்குக் குடல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, 47 சதவீதம் பேர் டி.பி.என்.னிலிருந்து முழுமையாக விடுபட்டார்கள். அவர்கள் 2000-க்கும் 2007-க்கும் இடையில் சிகிச்சைக்கு வந்தவர்கள். மீன் எண்ணெய்க் கரைசல் பரவலாகாத காலம். அன்று இந்தக் குழந்தைகளை அதிகம் கொன்றவை கல்லீரல் செயலிழப்பும் ரத்தத் தொற்றும். அந்த இரண்டையும் இன்று தடுக்கப் பெரிதும் கற்றுக்கொண்டுவிட்டோம். பல துறையினர் சேர்ந்து கவனிக்கும் குடல் மறுவாழ்வு மையங்களில் இப்போது பத்தில் ஒன்பது குழந்தைகளாவது பிழைத்து வளர்கிறார்கள். நெக் காரணமாகக் குடலை இழந்தவர்கள், வேறு காரணங்களால் இழந்தவர்களைவிட டி.பி.என்.னிலிருந்து விடுபடும் வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்கள் என்பதும் தெரிய வந்திருக்கிறது.

நீளமாக்கும் அறுவை சிகிச்சையும் ஊசியும்

இப்போதுள்ள குடலை நீளமாக்கும் முறைகளில் முதலாவது 1980-இல் வந்தது. ‘ஸ்டெப்’ எனப்படும் இரண்டாவது முறை 2003-இல் பாஸ்டனில் இருந்து வந்தது. இரண்டாவதில், விரிந்துபோன குடலின் இரு பக்கமும் மாறி மாறி ஸ்டேப்ளரால் வெட்டித் தைப்பார்கள். அகலமான குழாய் வளைந்து வளைந்து செல்லும் குறுகிய, நீளமான குழாயாகும். கவனியுங்கள், புதிதாகக் குடல் எதுவும் உண்டாவதில்லை. இருக்கும் துணியை வேறு அளவில் வெட்டித் தைப்பது போலத்தான். அகலமாகத் தொங்கும் குடலில் உணவு தேங்கிக் கிருமி பெருகும்போது இது மிக நல்ல சிகிச்சை. குடல் விரியாத குழந்தைக்குச் செய்ய வழியே இல்லை. உங்கள் மகனுக்குப் பால் ஏற்றுவதையே இன்னும் ஒழுங்காக முயன்று பார்க்கவில்லை. முதலில் அதைச் செய்வோம். சில மாதங்களுக்குப் பிறகு பால் அளவு ஓரிடத்தில் முட்டி நின்றால், சாயம் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் குடலின் அகலத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். உங்கள் தம்பியின் அக்கறைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் இருக்கும் 40 சென்டிமீட்டரில் தேவையில்லாமல் கத்தி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நீங்கள் கேள்விப்பட்ட ஊசி டெடுகுளுடைட். உணவு வரும்போது குடலே சுரக்கும் ஜி.எல்.பி-2 என்ற ஹார்மோனைப் போன்றது, குடலுறிஞ்சிகளை வளர்க்கும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 2012-இலும், ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கு 2019-இலும் ஒப்புதல் கிடைத்தது. தினமும் தோலுக்கடியில் போட வேண்டும். பல குழந்தைகளுக்கு டி.பி.என். தேவை குறைகிறது, சிலர் முழுவதும் விடுபடுகிறார்கள். நிறுத்தினால் பழைய நிலை திரும்பவும் கூடும். குடலில் பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி தோன்றுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். விலையும் மிக அதிகம். தானாகத் தேறும் காலத்தில் இருக்கும் குடலுக்கு இதை அவசரப்பட்டுத் தொடங்குவதில்லை. தேறுதல் நின்ற பிறகே இதன் முறை வரும். ரத்தத்தில் சிட்ருலின் என்ற அமினோ அமிலத்தின் அளவைச் சில மாதங்களுக்கு ஒரு முறை பார்த்தால் குடல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். அதைத் தயாரிப்பவை சிறுகுடல் செல்கள். செல்கள் பெருகினால் அதுவும் ஏறும்.

அப்பாவின் குடல்

உங்கள் கணவர் சொன்னது நடக்காத காரியம் அல்ல. உயிரோடு இருப்பவரின் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்துக் குழந்தைக்குப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் மாற்றப்படும் உறுப்புகளில் உடல் மிகக் கடுமையாக எதிர்க்கும் உறுப்புகளில் ஒன்று குடல். வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து, அதனால் வரும் தொற்றுகள், பொருத்திய குடலைச் சில ஆண்டுகளில் இழக்கும் ஆபத்து, எல்லாம் உண்டு. கல்லீரல் மீளாத அளவுக்குக் கெட்டால், லைன் போடப் பெரிய சிரைகள் தீர்ந்துபோனால், உயிருக்கு ஆபத்தான தொற்று திரும்பத் திரும்ப வந்தால் அதை நினைக்கலாம். உங்கள் மகன் அந்த இடத்தில் இல்லை. அப்பாவின் துடிப்புக்கு வேறு வேலை இருக்கிறது: லைனைக் கையாளும் முறையை உங்களைப் போலவே அவரும் முழுதாகக் கற்றுக்கொள்ளட்டும். கை கழுவுவது, முனையைக் கிருமிநாசினியால் துடைத்து உலரவிட்டுப் பிறகு திறப்பது என்று ஒவ்வோர் இரவும் ஒரே மாதிரி, ஒரு படியையும் விடாமல். களைப்பில்தான் தவறு நடக்கும். நீங்கள் ஒருவரே ஆறு வாரமாக எல்லா இரவும் செய்திருக்கிறீர்கள்.

வாயால் சாப்பிடுவானா?

சாப்பிடுவான் என்றே நம்புகிறேன், அதற்கான வேலை இப்போதே தொடங்கினால். குழாயிலேயே வளரும் குழந்தைகளுக்கு வாய் உணவை மறந்துபோகும். பின்னால் குடல் தயாரான பிறகும், கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்புவார்கள். குறைமாதத்தைக் கழித்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு இப்போது ஒன்பது மாதம். மென்மையான, இனிப்பில்லாத திட உணவை விரல் நுனியளவு வாயில் வைக்கலாமா என்று குழுவிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கலோரிக்காக அல்ல, ருசிக்காக, நாக்கு பழகுவதற்காக. மூக்குக் குழாயில் பால் இறங்கும்போது அவனை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சப்ப ஏதாவது கொடுங்கள். வயிறு நிறைவதும் வாய் அசைவதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அவனுக்குத் தெரியட்டும். நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரவையுங்கள். துப்பினால் துப்பட்டும். வற்புறுத்தி ஊட்டுவது மட்டும் வேண்டாம். விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளர் ஒருவர் உங்கள் குழுவில் இருப்பது அவசியம்.

கேட்டுப் பெற வேண்டியவை

அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகல் உங்களுக்கு உரியது. எந்தப் பகுதி எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சியது, எப்படி அளந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த ஊரில் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் கேட்கப்படும் காகிதம் அது. குழந்தைக் குடல் மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர், உணவியல் நிபுணர், மருந்தாளுநர், லைனைக் கவனிக்கும் செவிலியர் எல்லோரும் சேர்ந்து இயங்கும் குடல் மறுவாழ்வுக் குழுவிடம் இரண்டாவது கருத்து கேட்பதும் உங்கள் உரிமை. தொலைவில் இருந்தாலும் சில மாதங்களுக்கு ஒரு முறை போய்வரலாம், அன்றாடக் கவனிப்பு இப்போதைய மருத்துவமனையிலேயே தொடரலாம். இப்படிக் கேட்பதால் உங்கள் மருத்துவர் மனம் வருந்துவார் என்று தயங்காதீர்கள். நானாக இருந்தால் வரவேற்பேன்.

டி.பி.என். என்றாவது முழுவதும் நிற்கும்போதும் சோதனைகள் நிற்கக் கூடாது. அதுவரை சிரை வழியாகத் தடையில்லாமல் கிடைத்துவந்த இரும்பு, துத்தநாகம், ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் அப்போதுதான் குறையத் தொடங்கும்.

உங்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: “நான் தூங்கி நாளாகிறது.” பம்ப் ஓடும் இரவுகளில் வாரத்துக்கு இரண்டையாவது கணவர் ஏற்கட்டும். அழுகை அடங்காமல் வந்தாலோ, எதிலும் மனம் ஒட்டாமல் போனாலோ, அதையும் குழுவிடம் சொல்லுங்கள். குழந்தையின் சிகிச்சையில் அதுவும் ஒரு பகுதி.

முதலில் தொலைபேசி அழைப்பு. பிறகு சிறுநீர் சோடியம், கொழுப்புக் கரைசலின் பெயரும் அளவும், ஒரு வாரத்து டயப்பர் எடைகள். இவை கைக்கு வந்ததும் எனக்கு மீண்டும் எழுதுங்கள். முதல் கரண்டியை அவன் என்ன செய்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.